சாமிக்கு ஒரு படம் எடுத்து வையுங்கள்

சனிக்கிழமை, எழும்பூர்

செஞ்சியில் பஸ் ஏறி, திண்டிவனம் வழியாகக் கிளாம்பாக்கம் வந்து, வண்டலூரில் மின்சார ரயில் பிடித்து எழும்பூரில் இறங்கினோம். அண்ணன் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். போலீஸ் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அவளுக்காகத்தான் இந்தக் காவல் அருங்காட்சியகப் பயணம்.

பழைய கமிஷனர் அலுவலகம்தான் இப்போது அருங்காட்சியகம். 1842-ல் கட்டிய கட்டடம். 1856 முதல் சென்னை மாநகரக் காவலின் தலைமையிடம். கமிஷனர் அலுவலகம் 2013-ல் வேப்பேரிக்கு மாறியது. பழமை கெடாமல் புதுப்பித்த இந்தக் கட்டடத்தை 2021 செப்டம்பர் 28-ல் முதல்வர் மு.க. ஸ்டாலின் அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார்.

வாள், துப்பாக்கி, பீரங்கி, பழைய சீருடை, கம்பியில்லாக் கருவி, பேண்டு வாத்தியம் என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். மாதிரிச் சிறை அறைக்குள் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்த பெண், “உள்ள நின்னாலே ஒரு மாதிரியா இருக்கு சித்தப்பா” என்றாள். கள்ள நோட்டு அச்சடிக்கும் இயந்திரத்தைப் பிள்ளைகள் சூழ்ந்து நின்றார்கள்.

நம் மண்ணில் பெரிதாக வலை விரித்த தொழில் சிலைக் கடத்தல். அதைத் தடுக்கவே 1983-ல் தமிழகக் காவல்துறை தனிப் பிரிவு தொடங்கியது. மீட்ட சிலைகளின் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

சனி இரவு, திரும்பும் பஸ்ஸில்

“அவ்ளோ கனமான சிலைய யாருக்கும் தெரியாம எப்படி வெளிநாட்டுக்குக் கொண்டு போறாங்க?” என்று கேட்டாள். ஸ்ரீபுரந்தான் கதையைச் சொன்னேன்.

அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர் அது. வழிபாடு குறைந்து பூட்டிக் கிடந்த சோழர் காலக் கோயில். உள்ளூர்த் திருடன் பூட்டை உடைத்து நடராஜர் சிலையை எடுக்கிறான். தரகன் வாங்கிக் கைமாற்றுகிறான். புதிதாகச் செய்த கைவினைப் பொருள் என்று காகிதம் தயாராகிறது. சிலை கடல் கடக்கிறது. நியூயார்க் மாடிசன் அவென்யூவில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர் அதற்குப் பொய்யான முன்கதை எழுதுகிறார். 2008-ல் கான்பராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அந்த நடராஜரை வாங்குகிறது.

காட்டிக் கொடுத்தது ஒரு பழைய புகைப்படம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950-களிலிருந்து தமிழகக் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. நடராஜர் கோயிலில் இருந்தபோது எடுத்த படமும் அந்தத் தொகுப்பில் இருந்தது. கபூர் 2011-ல் ஜெர்மனியில் கைதானார். மறு ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். நடராஜர் 2014 செப்டம்பரில் நாடு திரும்பினார். உடையார்பாளையம் வட்டத்துக் கோயில் சிலைகள் திருடுபோன வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டு சிறை விதித்தது.

“அந்தப் போட்டோ இல்லன்னா?” என்றாள். அந்தக் கேள்வியோடுதான் வீடு வந்து சேர்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை, மண்டகப்பட்டு

காலையில் குடைவரைக்குப் போனோம். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைந்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் என்ற அந்த மன்னன் எடுத்த கோயில் என்று கல்வெட்டு சொல்கிறது. மூன்று கருவறையும் இன்று வெறுமையாக இருக்கின்றன. முகப்பின் இரு பக்கமும் நிற்கும் துவாரபாலகர்கள் பாறையோடு பாறையாக இருப்பவர்கள். யாரும் தூக்கிப் போக முடியாது. தொல்லியல் துறையின் காவலும் உண்டு.

ஆனால் கல் சிலைக்கு ஆபத்தில்லை என்று இருந்துவிட முடியாது. விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயில் மாடத்தில் இருந்த கல் அர்த்தநாரீஸ்வரரை 2004-ல் சிட்னி கலைக்கூடம் விலைக்கு வாங்கியிருந்தது. அவரையும் பழைய படத்தைக் கொண்டே அடையாளம் கண்டார்கள். நடராஜரோடு அவரும் திரும்பி வந்தார்.

மாலையில் எங்கள் தெரு அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூசாரி அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். “திருவிழா போட்டோதான் ஊருல எல்லார் போன்லயும் இருக்கே தம்பி” என்றார். எடுத்துப் பார்த்தோம். எல்லாப் படத்திலும் பட்டும் மாலையும் சந்தனக் காப்பும்தான் இருந்தன. அம்மனின் உருவத்தை ஒன்றிலும் காண முடியவில்லை. பிறகு அபிஷேகம் முடிந்து, புடவை சாத்துவதற்கு முன், அவரே விளக்கைப் பிடித்துக்கொள்ள, முன்னும் பின்னும் இரு பக்கமும் எடுத்தோம். பக்கத்தில் அளவுகோல் வைத்தோம். பீடத்தின் பின்புறம் வார்ப்பில் விழுந்த சிறு குழி ஒன்று இருக்கிறது. ஒரு விரல் நுனி தேய்ந்திருக்கிறது. இத்தனை வருஷமாகக் கும்பிட்டும் இவை என் கண்ணில் பட்டதில்லை. அச்சு அசலாகப் போலி செய்கிறவன்கூட இந்தக் குழியை எளிதில் கொண்டுவர முடியாது. மனிதனுக்குக் கைரேகை எப்படியோ, சிலைக்கு இந்தத் தழும்புகள் அப்படி.

திங்கட்கிழமை

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உலகமே அதைப் பார்த்துக்கொள்ளும். ஒருகாலப் பூசை நடக்கும் கோயில்களை, ஏரிக்கரைப் பிள்ளையாரை, வயலோரத்து அய்யனாரை யார் பார்த்துக்கொள்வார்கள்? அந்த ஊர்க்காரர்கள்தான்.

உங்கள் ஊர்க் கோயில் நிர்வாகியிடமும் பூசாரியிடமும் அனுமதி கேளுங்கள். அலங்காரம் இல்லாத நேரத்தில் நாலு பக்கமும் படமெடுங்கள். உயரத்தையும் பீட எழுத்துகளையும் தழும்புகளையும் தேதியோடு குறித்து வையுங்கள். ஒரு பிரதி கோயிலிலும், ஒரு பிரதி ஊராட்சி அலுவலகத்திலும், இன்னொன்று அறநிலையத்துறை அதிகாரியிடமும் இருக்கட்டும். சமூக வலைத்தளத்தில் மட்டும் போடாதீர்கள். அது திருடனுக்கு நாமே வழி காட்டுவதாகும்.

சிலை களவுபோன பிறகு காவல் நிலையத்தில் கேட்கும் முதல் கேள்வி, “போட்டோ இருக்கா?” என்பதாகத்தான் இருக்கும். இருக்கிறது என்று சொல்லும்படி இந்த வாரமே எடுத்து வையுங்கள்.