ஆறு பாவு அரிசி

குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கோப்பையால்தான் அரிசி அளக்கிறேன். அளந்து முடித்ததும் கை ஒரு கணம் நிற்கும், ஒரு பிடியைத் திரும்ப எடுக்க. எடுத்து எங்கே போட? அந்தக் கலயம் இப்போது தங்கை வீட்டுப் பால்கனியில் மணிபிளான்ட் வளர்க்கிறது.

பெங்களூர் லிங்கராஜபுரத்து ஓட்டு வீட்டில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில் அது இருக்கும். நாசரேத்திலிருந்து அம்மாவோடு வந்த பழக்கம். உலையில் போடுமுன் அன்றைய அரிசியில் ஒரு பிடி கலயத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை கலயம் கோயிலுக்கு. பிடி அரிசிக் காணிக்கை. அம்மா ஊரில் அசனம் என்ற சபை விருந்துக்குச் சோறாகும். இங்கே ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா, சில வாரம் எங்கள் அரிசியையே ஏலத்தில் எடுத்துக்கொண்டு வருவார். கூடுதல் விலைக்கு.

மற்றவர்கள் சங்கீதத்தில் குடியிருந்தால் அம்மா லேவியராகமத்தில் குடியிருந்தாள். எம்.ஜி. ரோடு வேதாகமச் சங்கக் கடையில் வாங்கிய பைபிளில் அந்தப் பக்கங்கள்தான் மஞ்சள் கறையோடு இருக்கும். வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கு விட்டுவிடு என்ற கட்டளை வந்தால், “நமக்கு வயலு எங்க இருக்கு, டின்னுதான இருக்கு” என்பாள். சீகன்பால்கு 1715-இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார், பழைய ஏற்பாட்டை ரூத் வரை மொழிபெயர்த்துவிட்டு 1719-இல் காலமானார் என்று சபை ஐயர் ஒருநாள் பிரசங்கத்தில் சொன்னார். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அம்மா மட்டும், “கதிர் பொறுக்குத கதை வரைக்கும் வந்துட்டாருல்லா” என்றாள்.

கதிர் பொறுக்கிய ரூத் மோவாப் நாட்டுக்காரி, வேற்று ஊர்க்காரி. அது எனக்கு 1991 டிசம்பரில்தான் உறைத்தது.

காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு, 205 டி.எம்.சி., அரசிதழில் வந்த மறுநாள், 12-ஆம் தேதி வியாழக்கிழமை, ஊர் பற்றிக்கொண்டது. எங்கள் பக்கம் தமிழர்கள் அதிகம். அதனால் பயம் இருந்ததே தவிர தீ வரவில்லை. மேற்கே அப்படியில்லை. இரவு கட்டட வேலைக்காரக் குடும்பம் ஒன்று வந்து நின்றது. தருமபுரிப் பக்கத்துக்காரர்கள், ஐந்து பேர், கையில் ஒரு டிரான்சிஸ்டர். எதற்காக அதைத் தூக்கி வந்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எதிர்வீட்டுக் கன்னட அஜ்ஜி அன்றைக்கும் மறுநாளும் எங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்து அவரேக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் திண்ணை இருந்தது. “யாராவது கேட்டா, இது என் மனைன்னு சொல்லுவேன்” என்று பாதி தமிழில் சொன்னாள். போகும்போது வழக்கம்போல “ஊட்டா ஆய்த்தா?” என்று கேட்டாள். ஆகவில்லை. மாதச் சம்பளம் வந்தபின் மளிகை வாங்கலாம் என்று விட்டிருந்ததில் டின் அடிதட்டியிருந்தது. கடைகள் திறக்கவில்லை.

அம்மா கலயத்தைத் தூக்கினாள்.

“அது கர்த்தருக்குள்ளது” என்றார் அப்பா. அந்த முறை கோயிலுக்குப் போய்ச் சில வாரமாகியிருந்ததால் கலயம் நிறைந்திருந்தது. தாவீது பசித்தபோது சமுகத்தப்பம் சாப்பிட்டதை அம்மா எடுத்துச் சொல்லியிருக்கலாம். அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். சொல்லவில்லை. அஞ்சு பாவு அளந்தாள், களைந்தாள், உலையில் போட்டாள். அஜ்ஜி ஒரு முறம் அவரேக்காயைக் கொட்டிவிட்டுப் போனாள். நாங்கள் ஒன்பது பேர் அந்தச் சோற்றையும் சாற்றையும் இரண்டு வேளைக்கு நீட்டினோம். வேலைக்காரரின் சின்ன மகன் சாப்பிட்டபடியே தூங்கிப்போனான்.

வேதாகமத்தை வாழ்க்கையில் கடைப்பிடிப்பது பற்றி அதற்குப்பின் எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். மூன்று தலைப்பு, மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்கும். அம்மாவுக்குத் தலைப்பு கிடையாது, கணக்கு உண்டு. தசமபாகத்தில் எதையாவது மீட்டுக்கொண்டால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று லேவியராகமத்தின் கடைசி அதிகாரம். அஞ்சு பாவுக்கு ஒரு பாவு. ஆக ஆறு.

தருமபுரிக்காரர்கள் ஊர் போய்ச் சேர்ந்து, கடைகள் திறந்து, சம்பளமும் வந்தபின் கலயம் மறுபடி நிறையத் தொடங்கியது. தினம் ஒரு பிடிக்குப் பதில் இரண்டு. சோறு குறைந்தது எங்களுக்குத் தெரிந்தது, யாரும் கேட்கவில்லை. அம்மா காலண்டரில் புள்ளி வைத்து எண்ணினாள். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நாளைக்குக் கொண்டுபோகலாம் என்று முறத்தில் கொட்டி அளந்தாள்.

ஏழு பாவு வந்தது.

மறுபடி அளந்தாள். ஏழு. சாறிபாத் விதவையின் குறையாத பானை மாவு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. “என்னாங்க, இங்க வந்து பாருங்க” என்று கூப்பிட்டாள்.

அதிகாலை ஷிப்டுக்கு எங்கள் வீட்டில் முதலில் எழுந்து அடுப்படிக்குப் போகிறவர் அப்பா. வெந்நீர் அவரே வைத்துக்கொள்வார்.

அவர் பேப்பரை மடிக்காமலே, “நீ என்னைக்குத்தான் ஒழுங்கா அளந்திருக்க?” என்றார்.