கோச்சடை டு ஹுசைன் சாகர்: ஒரு முங்கு!

எங்க ஊர் மதுரை கோச்சடை. வைகைக்கரை. ‘அப்போ படகெல்லாம் விட்டிருப்பியே’னு ஹைதராபாத் ஃப்ரெண்ட்ஸ் கேட்டப்ப சிரிச்சுட்டேன். அழகர் ஆத்துல இறங்கவே டேம்ல இருந்து தண்ணி திறந்துவிடற ஊர் பாஸ் அது! நான் நீச்சல் பழகினதே கிணத்துலதான்.

அப்படிப்பட்ட நான், ஒரு ஜூலை ஞாயித்துக்கிழமை ஹுசைன் சாகர்ல தனியா பாய்மரப் படகுல! நகரத்துக்கு நடுவுல, 1500-கள்ல வெட்டின ஏரி. உள்ளே புத்தர் சிலை. 1990-ல அதை மிதவையில கொண்டு போறப்பவே சாய்ஞ்சு மூழ்கிப்போய், 1992-லதான் தூக்கி நிறுத்தினாங்க. அப்பவே நான் சகுனம் பார்த்திருக்கணும்!

படகு லேசர் ரேடியல் (இப்போ பேரு இல்கா 6). நீளம் 4.23 மீட்டர். ஒரு ஆள், ஒரு பாய், பிரேக் கிடையாது. 2021-ல டோக்கியோ ஒலிம்பிக்ல சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் ஓட்டினது இதே ரகம்தான். கோச் ரெண்டே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: ‘முரட்டுக் காத்து வந்தா கயித்தை விட்டுடு. கவிழ்ந்தா படகை விடாதே.’

அரை மணி நேரம் ஜாலி. அப்புறம் வானம் கறுத்து, ஜில்லுனு ஒரு காத்து. கோச்சடையில கோடை மழைக்கு முன்னாடி புழுதி கிளப்பி, மொட்டைமாடித் துணியை எல்லாம் அள்ளிட்டுப் போகுமே... அதே காத்து! மேகத்துல இருந்து குளிர்ந்து இறங்குற காத்து, கீழே மோதி நாலு பக்கமும் பரவுது. அதான் மழைக்கு முந்தியே வந்துடுது. ஊர்ல மரம் ஆடினா தெரியும். இங்கே தண்ணி மேல கறுப்பா ஒரு பட்டை ஓடி வந்துச்சு. நான் வேடிக்கை பார்த்துட்டிருந்தேன்!

அடிச்சுது பாருங்க... படகு ஒரு பக்கமா எந்திரிச்சுது. பயத்துல கயித்தை இறுக்கிப் பிடிச்சேன். அதுதான் தப்பு. கயித்தை விட்டா பாய் கொடி மாதிரி படபடத்துட்டு, படகு நிமிர்ந்துடும். தெரியும். கை கேக்கலையே! தொபுக்கடீர்!

ஹுசைன் சாகர் தண்ணியோட ருசி... வேணாம், சாப்பிட்டுட்டுப் படிப்பீங்க.

கரை பக்கத்துல இருக்கற மாதிரியே இருந்துச்சு. கிணத்து நீச்சல்காரனாச்சே, ‘போயிடலாம்டா’னு நீந்த ஆரம்பிச்சேன். லைஃப் ஜாக்கெட்டோட பத்து கை போட்டும் கரை அங்கேயேதான் இருக்கு. திரும்பினா, கவிழ்ந்த படகு காத்துல நகர்ந்துட்டிருக்கு. மழை வேற பிடிச்சிடுச்சு. அந்த மழையில என் தலை யார் கண்ணுக்குத் தெரியும்? தேடி வர்றவங்களுக்குப் படகுதானே தெரியும்! நிஜமாவே வயித்தைக் கலக்கின நிமிஷம் அதுதான். ‘கோச்சடை அய்யனாரே’னு உயிரைக் கொடுத்து நீந்தி, விளிம்பைப் பிடிச்சுட்டேன்.

அடியில நீட்டிட்டிருக்கிற பலகை மேல ஏறி நின்னு, விளிம்பைப் பிடிச்சுப் பின்னாடி சாய்ஞ்சா, பாய்மரம் மெதுவா எந்திரிக்குது. உள்ளே ஏறினேன். மறுபடியும் தொபுக்கடீர்! மூணாவது தடவை கயித்தைத் தொடவே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். மோட்டார் படகு வந்து இழுத்துட்டுப் போச்சு.

ராத்திரி அம்மா போன்ல, ‘அங்கே மழையாமே... நனைஞ்சியாடா?’

‘லேசாம்மா!’