அப்பலாச்சியன் பாதையை முதலில் முழுதாக நடந்தவர்கள்

அமெரிக்காவின் ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 14 மாநிலங்களின் மலைக்காடுகளைக் கடக்கும் அப்பலாச்சியன் பாதை இன்று ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளம். ஒரு முனையில் புறப்பட்டு மறுமுனை வரை ஒரே பயணமாக நடப்பதுதான் இப்போது அதன் பெருமை. ஆனால் அந்த வழக்கத்தின் வேரைத் தேடினால், பாதையைத் திட்டமிட்டவரிடம் அது கிடைப்பதில்லை.

வனவியல் படித்த பென்டன் மெக்கை 1921 அக்டோபரில், கட்டடக் கலைஞர்களுக்கான ஓர் இதழில் தம் யோசனையை வெளியிட்டார். நகரத்தில் உழைத்துக் களைத்தவர்கள் வந்து தங்க மலைமேல் முகாம்களும் பண்ணைகளும் வேண்டும் என்பதே அவர் எண்ணம். பாதை அவற்றை இணைக்கும் வழி மட்டுமே. நிலம் கிடைத்ததற்கு வேறொரு காரணம் உண்டு. மரம் வெட்டி மொட்டையாக்கப்பட்ட கிழக்கு மலைச்சரிவுகளைத் தனியாரிடமிருந்து அரசு வாங்க 1911இன் வீக்ஸ் சட்டம் இடம் தந்தது. அப்படி உருவான தேசியக் காடுகளின் வழியேதான் தெற்குப் பகுதியில் பாதை பெருமளவு செல்கிறது.

மைரன் ஏவரி என்ற வழக்கறிஞர், அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டே பகுதி பகுதியாக நடந்து 1936இல் முழுப் பாதையையும் கண்டவர். மறு ஆண்டு பாதை நிறைவடைந்தது. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. பராமரிக்க ஆளில்லாமல் பல இடங்களில் புதர் மூடியது.

அந்த நிலையில்தான், 1948 ஏப்ரல் 4 அன்று, போரிலிருந்து திரும்பிய ஏர்ல் ஷாஃபர் ஜார்ஜியாவின் ஓகல்தார்ப் மலையிலிருந்து புறப்பட்டார். நெருங்கிய நண்பரைப் போரில் பறிகொடுத்தவர் அவர். கையில் இருந்தவை சாலை வரைபடங்கள். கூடாரத்தை வழியிலேயே விட்டு, மழை அங்கியைப் போர்த்திப் படுத்தார். ஒரே பயணமாக நடந்து, ஆகஸ்ட் 5இல் மெய்னின் கட்டாடின் உச்சியை அடைந்தார். பாதை அமைப்பினர் முதலில் நம்பவில்லை. அவரது சிறிய கறுப்புக் குறிப்பேடும் வழியில் எடுத்த படங்களுமே அவருக்காகப் பேசின. சில பகுதிகளை அவர் சாலை வழியே கடந்ததாகப் பிற்கால ஆய்வு ஒன்று வாதிட்டது. குறிகள் அழிந்து, மரங்கள் விழுந்து கிடந்த காட்டில் அதைப் பெரிய குறையாகக் கொள்ள முடியாது. 1936இலேயே சாரணர் குழு ஒன்று முழுதும் நடந்ததாகவும் சொல்லப்படுகிறது. ஆனால் ஷாஃபருடையதைப் போல நாள்தோறும் எழுதிய சான்று அதற்கு இல்லை.

பாதையைப் பொதுமக்களுடையதாக்கியவர் எம்மா கேட்வுட். 11 பிள்ளைகளைப் பெற்ற அவர் 1955இல் தம் 67ஆம் வயதில் தனியே நடந்து முடித்தார். முதுகுப்பை கிடையாது, தாமே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டு, சாதாரண கான்வாஸ் காலணியுடன் போனார். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் குளியலறைத் திரை. வழியில் செய்தியாளர்கள் அவரைத் தேடிவந்து எழுதியதால், பாதை இருப்பதையே அறியாதவர்களும் அதைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள்; பாதை பழுதான இடங்களை அவர் வெளிப்படையாகக் குறை சொன்னதும் அச்சேறியது.

1968இல் நிறைவேறிய தேசியப் பாதைகள் சட்டம் அப்பலாச்சியன் பாதையையும், மேற்கே பசிபிக் கிரெஸ்ட் பாதையையும் நாட்டின் முதல் தேசியக் காட்சிப் பாதைகளாக அறிவித்துப் பாதுகாப்பு அளித்தது.