சிவப்புப் பெட்டியின் பூர்வீகம்

சிவப்புச் செவ்வகத்துக்குள் வெள்ளையாய், சாய்ந்து நிற்கும் தடித்த ஆங்கில எழுத்துகள். ‘சுப்ரீம்’ நிறுவனத்தின் இந்த முத்திரை அசலாகவும் போலியாகவும் பனியன்களில் உலகெங்கும் திரிகிறது. இந்த எழுத்து யாருடையது என்று தேடத் தொடங்கினேன்.

முதல் படி எளிது. 1994இல் நியூயார்க்கின் லஃபாயெட் தெருவில் ஸ்கேட்போர்டு கடையாகத் தொடங்கியது சுப்ரீம். முத்திரையின் பாணி பார்பரா க்ரூகருடையது. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் மேல் சிவப்புப் பட்டையில் வாசகம் பதிப்பது 1980களிலேயே அந்தக் கலைஞரின் அடையாளம். நுகர்வு வெறியைச் சாட அவர் கையாண்ட பாணிதான் பிறகு பனியன் விற்றது.

க்ரூகரோ அதற்கு முன் ‘மாட்மசெல்’ என்ற பெண்கள் பத்திரிகையின் வடிவமைப்பாளர். அந்தக் காலத்து அமெரிக்க விளம்பரங்களைப் புரட்டினேன். 1959இல் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பர வரிசையின் தலைப்புகளில் அதே குடும்பத்து எழுத்து: ஃப்யூச்சுரா. 1969இல் நிலவில் இறங்கியவர்கள் விட்டுவந்த உலோகத் தகட்டிலும் அதுவே.

தடம் ஜெர்மனிக்குப் போனது. பால் ரென்னர் வரைய, ஃபிராங்க்ஃபர்ட்டின் பாவர் வார்ப்பகம் 1927இல் வெளியிட்ட ஈய எழுத்து அது. வட்டம், சதுரம், முக்கோணம் மூன்றிலிருந்தும் பிறந்தது என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். தடித்த ‘ஓ’வைத் திரையில் பெரிதாக்கி, கவராயம் போட்டதுபோன்ற வளையம் ஒன்றை அதன்மேல் பொருத்திப் பார்த்தேன். ஒட்டவில்லை. கோடு பக்கவாட்டில் தடிப்பு, மேலும் கீழும் மெலிவு. ஒரே தடிமனில் வரைந்தால் படுக்கைக் கோடுதான் கனமாகத் தெரியும். கண்ணின் அந்தப் பிழைக்கு இது ஈடு. வளைவு நிமிர்கோட்டைத் தொடும் இடங்களும் மெலிந்திருக்கின்றன, இல்லாவிட்டால் அங்கே கறுப்பு திரளும். மெல்லிய வடிவில் ஈட்டிமுனையாக இருக்கும் ‘ஏ’யின் உச்சி, தடித்த வடிவில் தட்டையாக வெட்டப்பட்டிருக்கிறது. எழுத்து தடிக்கத் தடிக்கக் கவராயத்தின் அதிகாரம் குறைகிறது.

பெரிய எழுத்துகளின் அகலம் இன்னும் பின்னால் இழுத்தது. ‘ஈ’யும் ‘எல்’லும் ஒடுக்கம், ‘ஓ’வும் ‘ஜி’யும் விரிவு. இது ரோமானியக் கல்வெட்டின் கணக்கு; கி.பி. 113இல் எழுந்த டிராஜன் தூணின் அடியில் இன்றும் பார்க்கலாம். சின்ன எழுத்துகளுக்கு ரோமில் அந்த முன்மாதிரி இல்லை. அங்கேதான் ரென்னர் துணிந்தார்: ‘ஆர்’ எழுத்தை ஒரு கோடும் தனியே மிதக்கும் ஒரு புள்ளியுமாக வரைந்தார். அத்தகைய வடிவங்கள் நிலைக்கவில்லை. வாசிக்கப் பழகிய வடிவமே வென்றது.

கடை கலைஞரிடமிருந்து எடுத்தது. கலைஞர் பத்திரிகை உலகிலிருந்து எடுத்தார். ரென்னரும் கல்வெட்டிலிருந்து எடுத்தவர்தான். ஆனால் இந்த வரிசையில் எழுத்தின் உடலைக் கோடு கோடாகத் திருத்தியவர் அவர். அதனால் என் கேள்விக்கு அவர் பெயரையே விடையாக எழுதிக்கொண்டேன்.