சிங்கப்பூர்ச் சாலைகள் – 7: பீச் ரோட்டில் ஒரு சயாம்

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளைத் தாண்டி நடந்தால் தமிழ்ப் பலகைகள் குறைந்துகொண்டே வரும். வாசலில் புலியும் சிறுத்தையும் காவலிருக்கும் ஒரு கோவில் அங்கே இருக்கிறது. சாக்கிய முனி புத்தகயா கோவில். வுத்திசாரா என்ற தாய்லாந்து பிக்கு 1927-இல் தொடங்கியது. உள்ளே 15 மீட்டர் உயர புத்தர். எடை 300 டன் என்கிறார்கள். சுற்றிலும் மின்விளக்குகள். அதனால் ஆயிரம் விளக்குக் கோவில் என்று பெயர். சென்னைக்காரர்கள் பஸ் மாறி வந்துவிட்டோமோ என்று நினைக்க வேண்டாம்.

லிட்டில் இந்தியாவுக்கு வரும் நம்மூர்ப் பயணிகள் இவ்வளவு தூரம் வருவதில்லை. முஸ்தபாவில் நகை பார்க்கிறார்கள், கோமள விலாஸில் காப்பி குடிக்கிறார்கள், வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்புகிறார்கள். நான் போன நேரத்தில் கோவிலில் ஒரு மூதாட்டி ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

கூட வந்த அக்கா மகனுக்குப் பசி. இங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறவன். "மாமா, சாமி சயாம் சாமி. சாப்பாடும் அங்கேயே வச்சுக்குவோமா? இட்லிய மதுரையில போய்ச் சாப்பிட்டுக்கலாம்" என்றான். தாய்லாந்தின் பழைய பெயரான சயாம் சிங்கப்பூர், மலேசியத் தமிழர் வாயில் இன்னும் புழங்குகிறது. அவர்களோடு பழகிப் பழகி இவனுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சிங்கப்பூரில் தாய் உணவுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு மாலிலும் ஏசி போட்ட ஓர் உணவகம் உண்டு. அந்த டாம் யாம் சூப்பில் சர்க்கரை தூக்கலாக இருக்கும், காரம் ஒப்புக்கு இருக்கும். அதைச் சாப்பிட சிங்கப்பூர் வரை வர வேண்டியதில்லை, சென்னையிலேயே கிடைக்கிறது. தாய்லாந்துக்காரர்கள் தங்களுக்காகச் சமைத்துக்கொண்ட இடம் பீச் ரோட்டில் இருந்த கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ்தான். சிராங்கூன் ரோட்டிலிருந்து நடக்கிற தூரம். வெயில் தாழ்ந்த பிறகு நடந்தால் நல்லது.

1973-இல் கட்டி முடித்த 16 மாடிக் கட்டடம் அது. வில்லியம் லிம், டே கெங் சூன், கான் எங் ஊன் என்ற மூன்று கட்டடக் கலைஞர்களின் நிறுவனம் வடிவமைத்தது. மேல்மாடிகள் படிப்படியாகப் பின்வாங்கி ஏறும். கீழே கடை, நடுவே அலுவலகம், மேலே வீடு, எல்லாம் ஒரே கூரைக்குள் இருந்தன. வாசலிலிருந்து தாய்லாந்தின் ஹாட் யாய்க்குப் பஸ் கிளம்பியது. அந்தப் பஸ்தான் காரணம் என்று நினைக்கிறேன்: பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவனுக்குச் சோறு வேண்டும், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், சாமான் வாங்க வேண்டும். கடைகள் தானாக வந்தன. குட்டித் தாய்லாந்து என்ற பெயரும் வந்தது.

1980-களில் இந்த ஊரின் அடுக்குமாடிகளையும் ரயில் சுரங்கங்களையும் கட்டியவர்களில் தாய்லாந்துத் தொழிலாளர்கள் ஏராளம். பெரும்பாலோர் ஈசான் என்கிற வடகிழக்கு வறண்ட பகுதிக்காரர்கள். 1982-க்கும் 1990-க்கும் இடையில் இவர்களில் இருநூறு பேருக்கு மேல் இரவில் படுத்தவர்கள் காலையில் எழவில்லை. நல்ல திடகாத்திரமான ஆட்கள். பிளாஸ்டிக் குழாயில் அரிசியை அடைத்து வேகவைத்துத் தின்றதால் செத்தார்கள் என்றுகூட அப்போது ஒரு பேச்சு கிளம்பியது, ஆனால் அது நிரூபணமாகவில்லை. இதயத் துடிப்பின் தாளம் தவறுகிற, பிறவியிலேயே வருகிற ஒரு கோளாறைத்தான் பிற்காலத்தில் மருத்துவர்கள் காரணமாகச் சொன்னார்கள்.

இந்தத் தாய்லாந்துத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடிய இடம் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ். சிராங்கூன் ரோட்டில் ஞாயிறு மாலை நம் பையன்கள் புல்தரையில் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலம் பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பர்மாக்காரர்களுக்குப் பெனின்சுலா பிளாசா, பிலிப்பைன்ஸ் பெண்களுக்கு லக்கி பிளாசா, நமக்குத் தேக்கா. இந்த ஊரில் நல்ல சாப்பாடு தேடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை யார் எங்கே கூடுகிறார்கள் என்று பார்த்தால் போதும். விருது வாங்கிய கடைகளின் பட்டியல் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

சிலருக்குக் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. 2006-இல் ஐவன் பிங் என்ற நியமன நாடாளுமன்ற உறுப்பினர் சபையிலேயே அந்தக் கட்டடத்தைச் செங்குத்தான குடிசைப் பகுதி என்றும் நாட்டுக்கு அவமானம் என்றும் சொன்னார். பதினைந்து ஆண்டு கழித்து, 2021 அக்டோபரில், அதே கட்டடத்தை அரசு பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. அடுத்த ஆண்டு 70 கோடி வெள்ளிக்குக் கைமாறியது. 2023 மே மாதத்துக்குள் கடைக்காரர்கள் வெளியேறினார்கள். இப்போது பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிறார்கள். பக்கத்தில் 45 மாடிக் குடியிருப்பு வருகிறது. கான்கிரீட்டுக்குக் கிடைத்த பாதுகாப்பு அங்கே சமைத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம்தான்.

கடைகள் சிதறின. சில பக்கத்துக் கட்டடமான கோல்டன் மைல் டவருக்குப் போயின. தாய்ச் சாமான்கள் விற்ற பெரிய சூப்பர் மார்க்கெட் காலாங் பக்கம் அபீரியா மாலுக்குப் போய்விட்டது. நாங்கள் புகுந்தது டவரில் ஒரு சின்னக் கடை. பலகையில் தாய் எழுத்து. உள்ளே தாய்லாந்து மன்னர் படம், அதன் கீழே மின்விசிறி. அடுத்த மேசையில் வேலைச் சட்டையோடு நான்கு பேர்.

சோம் தாம் என்கிற பப்பாளிக்காய் சாலட் கேட்டோம். கடைக்கார அம்மா மண் உரலை இழுத்துப் போட்டு, பூண்டும் பச்சை மிளகாயும் போட்டு மர உலக்கையால் இரண்டு இடி. பனை வெல்லம், காராமணிக்காய், தக்காளி, காய்ந்த இறால், எலுமிச்சை, மீன் சாறு. கடைசியில் சீவிய பப்பாளிக்காய். ஒரு கையில் உலக்கை, மறு கையில் கரண்டி. இடிக்க இடிக்கப் புரட்டுகிறார். பாதியில் என்னைப் பார்த்து, "சில்லி, கேன்?" என்றார். "கேன், ஆன்ட்டி" என்று மருமகன் என் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டான்.

காரம் ஆந்திரக் காரம். புளிப்பும் இனிப்பும் அதன் பின்னாலேயே வந்து தடவிக்கொடுக்கின்றன. ஊறவைத்த மீனும் வயல் நண்டும் போட்ட ஈசான் வகையை அடுத்த மேசைக்கு வைத்தார். அதன் வாசனை கருவாட்டுச் சந்தை வரை போகும். எனக்கு அதுவும் பிடித்தது. கூடவே வந்த டாம் யாம் சூப்பில் எலுமிச்சைப் புல், பேரரத்தை, நாரத்தை இலை போல ஓர் இலை. பேரரத்தையை நாட்டு மருந்துக் கடையில் இருமலுக்கு வாங்கியவன் நான். சாப்பாட்டுக்கும் ஆகும் என்று அந்த ஊர்க்காரர்கள் முன்பே கண்டிருக்கிறார்கள்.

சோறு மூடி போட்ட மூங்கில் கூடையில் வந்தது. ஒட்டரிசி. நம் செட்டிநாட்டுக் கவுனி அரிசியின் வெள்ளைப் பங்காளி. மருமகன் முள்கரண்டியை எடுத்தான். அடுத்த மேசைக்காரர்களோ வலது கையால் ஒரு கிள்ளு எடுத்து, விரல் நுனியில் உருட்டி, குழம்பில் தொட்டு வாயில் போட்டார்கள். நானும் அப்படியே செய்தேன். ஒருவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

இவர்கள் தாய்லாந்திலிருந்து இங்கே வந்தார்கள். எண்பது ஆண்டுக்கு முன் நம்மவர்களின் பயணம் எதிர்த்திசையில் நடந்தது. 1942-43-இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஜப்பானியர் சயாமுக்கு ஏற்றிப்போய் 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட வைத்தார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அவர்களுக்கு அங்கே கிடைத்த சோற்றைப் பற்றி இந்தத் தொடரில் தனியாகத்தான் எழுத வேண்டும்.

போக விரும்புகிறவர்களுக்கு: நிக்கல் ஹைவே ரயில் நிலையத்தில் இறங்கினால் கோல்டன் மைல் டவர் பக்கம். ஞாயிறு மாலை போங்கள். சைவர்கள் காய்கறி மட்டும் என்று சொன்னால் போதாது. மீன் சாறு எதிலும் கலந்திருக்கும். 'ஜே' என்று கேளுங்கள், மீனும் கறியும் இல்லாமல் செய்து தருவார்கள். பூண்டு, வெங்காயமும் அதில் இருக்காது.