கறுப்பு மணலில் ஒரு கேமரா பரீட்சை

நாகர்கோவிலில் குளச்சல் பஸ்ஸில் ஏறி, "மணவாளக்குறிச்சி ரெண்டு" என்றேன். கண்டக்டர் என் தோளில் தொங்கிய மூன்று கால் ஸ்டாண்டைப் பார்த்தார்.

"கல்யாண வீடா தம்பி?"

"இல்லண்ணே, கேமராவைத் திணறடிக்கப் போறோம்."

அவர் மேற்கொண்டு பேசவில்லை. மீதிச் சில்லறையை மட்டும் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கொடுத்துவிட்டு முன்னால் நகர்ந்துவிட்டார்.

சொன்னது பொய்யில்லை. 2014 மே மாதம். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று ஆபீஸில் மூன்று நாள் லீவு வாங்கியிருந்தேன். (பாட்டி 1998-லேயே காலமாகிவிட்டார். ஆனாலும் லீவு லெட்டரில் அவரை இதுவரை நான்கு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன்.) பக்கத்து சீட்டில் என் மேன்ஷன் ரூம்மேட். சொந்த ஊர் மணவாளக்குறிச்சி. பெயரைப் போட்டால் கோபிப்பான். குறிச்சியான் என்று வைத்துக்கொள்வோம்.

கதை இரண்டு வருஷம் முந்தி ஆரம்பிக்கிறது. 2012-ல் 'வழக்கு எண் 18/9' வந்தது. ஒரு முழுப் படத்தையே கேனான் 7டி என்கிற ஸ்டில் கேமராவில் எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், திருவல்லிக்கேணி மேன்ஷனில் பாதிப் பேருக்குத் தூக்கம் போயிற்று. அந்தப் பாதிப் பேர் கடன் கேட்டு வந்ததில் மீதிப் பேருக்கும் தூக்கம் போயிற்று. குறிச்சியான் சீட்டு எடுத்து, 7டி-யின் தம்பியான 550டி-யை செகண்ட்ஹேண்டில் வாங்கினான்.

வாங்கின கையோடு யாரோ அவன் காதில் 'மேஜிக் லான்டர்ன்' என்று ஓதிவிட்டார்கள். 2009-ல் டிராமெல் ஹட்சன் என்ற அமெரிக்கர் தன் கேமராவுக்காக எழுத ஆரம்பித்த மென்பொருள் இது. பிறகு பல நாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். காசு கிடையாது. கேமராவின் சொந்த மென்பொருளை அழிக்காது. மெமரி கார்டில் உட்கார்ந்திருந்து, கேமராவை ஆன் செய்யும்போது கூடவே தொற்றிக்கொள்ளும். வித்தவுட் டிக்கெட் மாதிரி! ஏதாவது ஆனால் நம் பொறுப்பு. கம்பெனியிடம் போய் நிற்க முடியாது.

அதில் ஒரு எண் உண்டு. அதுதான் எங்களைக் கெடுத்தது.

ஒரு செகண்டு வீடியோவுக்கு எவ்வளவு தகவல் எழுதுவது என்பதற்கு பிட் ரேட் என்று பெயர். 550டி சாதாரணமாக நிமிஷத்துக்குச் சுமார் 330 எம்.பி. எழுதும். செகண்டுக்கு ஐந்தரை எம்.பி., அதாவது 44 மெகாபிட். மேஜிக் லான்டர்னில் இதைப் பெருக்கிக்கொள்ளலாம். 1.0 என்றால் பழைய அளவு. 2.0 என்றால் இரண்டு மடங்கு. 3.0 வரை ஏற்றலாம். 3.0 கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது 1.0-வில் நிற்கிறவன் ஆம்பிளையா என்று நினைத்தோம். எங்கள் வயசு அப்படி.

2013 கிறிஸ்துமஸ் லீவில் குறிச்சியானின் பாட்டாவைப் படம் எடுக்கப் போனோம். (குமரிப் பக்கம் தாத்தாவுக்குப் பாட்டா என்று பெயர்.) அந்தக் காலத்தில் கரமடி இழுத்தவர். கரையில் நின்றபடி பத்திருபது பேர் வலையின் இரு கயிற்றையும் இழுப்பார்களே, அதுதான் கரமடி. இழுவைக்குத் தாளம் தப்பாமல் ஒருவர் பாட வேண்டும். பாட்டாதான் பாடுவார். இப்போது அந்தப் பாட்டு முழுசாகத் தெரிந்தவர் குடும்பத்தில் அவர் ஒருத்தர்தான்.

கடலைப் பின்னால் விட்டு அவரை உட்கார வைத்தோம். எண் 3.0. பட்டனை அழுத்திவிட்டு இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பாட்டாவையே பார்த்தோம். ஏழு நிமிஷம் பாடினார். முடிந்ததும் பார்த்தால், பதினான்கு செகண்டிலேயே ரெக்கார்டிங் நின்றிருந்தது. கல்யாணத்துக்குப் போய், இலை போட்டதோடு எழுந்து வந்த கதை!

தப்பு கேமராவுடையது இல்லை. எங்கள் பேராசையுடையது. கூடவே, சல்லிசாகக் கிடைத்ததே என்று வாங்கின பேர் தெரியாத கார்டினுடையது.

"பாட்டா, இன்னொருக்க..." என்று இழுத்தான் குறிச்சியான்.

"பாடியாச்சுல்லா? கேட்டிய இல்லியா? பின்ன என்னத்துக்கு இன்னொருக்க?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஏப்ரலில் ஊரிலிருந்து போன். பாட்டாவுக்கு நெஞ்சுச் சளி. அதிகம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குறிச்சியான் அன்று இரவு மெஸ்ஸில் இரண்டாவது தோசை கேட்கவில்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

* * *

நாகர்கோவிலில் இருந்து மணவாளக்குறிச்சி சுமார் இருபது கிலோமீட்டர். ராஜாக்கமங்கலம் வழியாக பஸ் தென்னந்தோப்புகளுக்குள் புகுந்து புகுந்து வரும். ஊரைத் தாண்டிப் போனால் மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில், அப்புறம் குளச்சல். இந்தப் பக்கம் வள்ளியாறு கடலில் சேரும் கடியபட்டணம். அதற்குப் பக்கத்திலேயே முட்டம். 1981-ல் பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்த இடம். அவர்களிடம் இருந்தது ஃபிலிம் சுருள். ஆயிரம் அடிக்குச் சுமார் 11 நிமிஷம்தான் ஓடும். அதற்குள் எடுக்க வேண்டியதை எடுத்தாக வேண்டும்.

கடற்கரையில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது மணல். கறுப்பு! கையில் அள்ளினால் கனக்கிறது. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், நிறமில்லாத சிர்கான், தேன் நிறத்தில் மோனசைட் என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. மழைக்கால அலை கரையில் மோதித் திரும்பும்போது லேசான மணலை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. கனமானது தங்கிவிடுகிறது.

1909-ல் சோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதில் தோரியம் இருக்கிறது. அந்தக் காலத்து கேஸ் விளக்கின் மேன்ட்டிலுக்குத் தோரியம்தான் உயிர். கயிற்றை உதறினவர்கள் எத்தனை பேரோ, உதிர்ந்த மணலைக் கவனித்தவர் ஒருவர். உடனே இங்கே மணல் பிரிக்கும் தொழிற்சாலை வந்துவிட்டது. 1950-ல் தொடங்கி, 1963-ல் முழுக்க மத்திய அரசின் அணுசக்தித் துறைக்குக் கீழே வந்த இந்திய அரிய மணல் ஆலை நிறுவனம்தான் இப்போது அதை நடத்துகிறது. காந்தம், மின்சாரம், எடை வித்தியாசம் இவற்றை வைத்து மணலை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள்.

நமக்கும் இதில் ஒரு சொந்தம் உண்டு. மோனசைட்டில் இருக்கும் இன்னொரு சரக்கு லாந்தனம். நல்ல கேமரா லென்ஸ்களுக்கான கண்ணாடியில் அதைச் சேர்ப்பார்கள். லென்ஸைப் பளபளப்பாகத் தேய்க்க சீரியம் ஆக்ஸைடு. அதுவும் மோனசைட்டிலிருந்து வருவதுதான். கேமராவைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்த மாதிரி இருந்தது!

ஸ்டாண்டைப் பிரித்து நட்டதும் ஒரு பெரியவர் வந்துவிட்டார். முகத்தில் சிரிப்பில்லை.

"சர்வே எடுக்கியளா தம்பி? மண்ணெடுக்க அளவு பாக்கியளா?"

இந்தக் கரையில் மூன்று கால் ஸ்டாண்டு என்றால் முதலில் வருவது இந்தக் கேள்விதான். மணல் போனால் கரை போகும், கரை போனால் வீடு போகும் என்ற பயம். மணலில் இயற்கையாகவே இருக்கிற கதிர்வீச்சு பற்றிய கவலை இன்னொரு பக்கம். தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். குறிச்சியான் தன் பாட்டா பேரைச் சொன்னான். பெரியவர் முகம் மலர்ந்தது. "அவரு பாட்டையா பிடிக்கிய? செரி, செரி. நல்லாப் பிடி மக்கா" என்று எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

* * *

பரீட்சைக்கு ஏன் கடற்கரை? கேமரா ஒவ்வொரு ஃபிரேமையும் முழுசாக எழுதாது. அவ்வப்போது ஒரு முழுப் படம். நடுவில் என்ன மாறியது என்ற கணக்கு மட்டும். சுவரைப் படம் எடுத்தால் மாற்றமே இல்லை, கேமரா தூங்கும். அலை நுரையை எடுத்தால் ஒவ்வொரு குமிழும் மாறும், கேமராவுக்கு நாக்குத் தள்ளும். காற்றில் ஆடும் தென்னை ஓலை, வெயிலில் மினுங்கும் மணல் இரண்டும் அதே ஜாதி. இந்த மூன்றையும் தாக்குப்பிடிக்கிற எண் வேறெங்கும் தாக்குப்பிடிக்கும்.

ரெக்கார்டிங் ஏன் நிற்கிறது? கண்டக்டரைக் கேளுங்கள். கேமராவுக்குள் பஃபர் என்று ஒரு சின்ன பஸ் ஸ்டாப் இருக்கிறது. தகவல் அங்கே வந்து காத்திருக்கும். கார்டு என்கிற பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். மண்டைக்காடு கொடை அன்று மாதிரி கூட்டம் வந்து, பஸ்ஸும் மெதுவாக வந்தால் ஸ்டாப் வழியும். வழிந்தால் கேமரா ஆட்டத்தைக் கலைத்துவிடும். திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கம்பம் மேலே ஏறுவதுதான் எச்சரிக்கை. அன்றைக்கு நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை.

இந்த முறை பில்லோடு வாங்கின நல்ல கிளாஸ் 10 கார்டு. செகண்டுக்குக் குறைந்தது 10 எம்.பி. எழுதும் என்பதற்கான முத்திரை அது. ஒவ்வொரு தடவையும் கேமராவிலேயே ஃபார்மேட் செய்தோம். குறிச்சியான் கேமராவில், நான் நோட்டும் கடிகாரமுமாக. நுரையைப் பார்த்து லென்ஸ்.

3.0: நாலு செகண்டு. செத்தது.

2.0: பதினோரு செகண்டு.

1.8: நாற்பது செகண்டு. சவுண்டை நிறுத்திவிட்டு எடுத்தால் தாக்குப்பிடித்தது.

1.6: மூன்று நிமிஷம் ஓடி, 'அப்பாடா' என்று நாங்கள் மூச்சு விட்ட நேரம் பார்த்து நின்றது.

1.4: ஃபைலின் உச்ச அளவான 4 ஜி.பி. நிரம்பும் வரை ஓடியது. இன்னும் இரண்டு தடவை எடுத்தோம். ஓடியது.

"1.8 வெச்சிக்கிடுவோம் மக்கா. சவுண்டை ஆஃப் பண்ணிட்டா போச்சு" என்றான் குறிச்சியான்.

"எலேய்... நாம எடுக்க வந்தது பாட்டு!" என்றேன்.

தலையில் கை வைத்துக்கொண்டான்.

சாயாக்கடையில் பழம்பொரியும் சாயாவுமாக லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். 1.0-வில் நுரைக்குள் லேசாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. 1.4-ல் அது இல்லை. 1.8-க்கும் 1.4-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கண்ணைக் கசக்கினோம். கண்தான் சிவந்தது. பிட் ரேட்டை ஏற்றினால் கேமராவுக்குப் புதுக் கண் முளைத்துவிடாது. பார்த்ததைக் கொஞ்சம் குறைவாகக் கசக்கும், அவ்வளவுதான்.

"அப்ப 1.4" என்றான்.

நோட்டில் இன்னொரு கணக்கு போட்டேன். 1.0-வில் 4 ஜி.பி. நிரம்பச் சுமார் 12 நிமிஷம். 3.0-வில் நாலு நிமிஷம். அன்றைக்கு நிற்காமல் ஓடியிருந்தால்கூட ஏழு நிமிஷப் பாட்டு பாதியில் அறுந்திருக்கும்! 2.0-வில் ஆறு. 1.4-ல் ஒன்பதுக்குக் கொஞ்சம் கீழே. பாட்டா வீட்டுத் திண்ணையில் சாயங்கால வெளிச்சம் குறைவு. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் படத்தில் பொரிப்பொரியாக விழும். கேமரா அதையும் மாற்றம் என்று எண்ணித் திணறும். ஆக, இன்னும் இரண்டு படி இறங்கினேன்.

"1.2. பத்து நிமிஷம் கிடைக்கும்."

"இவ்வளவு தூரம் வந்து 1.2-ஆ?" குறிச்சியானுக்கு மனசே இல்லை.

* * *

பாட்டா திண்ணையில் சாய்ந்திருந்தார். மெலிந்திருந்தார். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் எங்கள் முன்னால் வந்தது. கடற்கரைப் பெரியவர் கூடவே வந்திருந்தார். அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"பயலுவ காலையில இருந்து வெயில்ல நின்னு நுரையைப் படம் பிடிச்சிக்கிட்டு நிக்கானுவ. ஒங்க பாட்டு நிக்காம இருக்கணுமாம்."

பாட்டா எங்களைப் பார்த்தார். "நுரையையா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியது. பிறகு தொண்டையைச் செருமினார்.

பெரியவர் பக்கப்பாட்டு எடுத்துக் கொடுத்தார். அதில் உற்சாகம் வந்துவிட்டது பாட்டாவுக்கு. ஏழு நிமிஷம் தாண்டியது. எட்டு. நான் கம்பத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது. குறிச்சியான் என் கையைப் பிடித்தான். அவன் கை ஜில்லென்று இருந்தது.

ஒன்பது நிமிஷம் நாற்பது செகண்டில் பாட்டா நிறுத்தினார். சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது.

1.4 வைத்திருந்தால் கடைசி முக்கால் நிமிஷம் கடலோடு போயிருக்கும்.

இன்றைக்கு சட்டைப்பையில் இருக்கும் போனே 4கே எடுக்கிறது. பெருக்கல் எண்ணும் வேண்டாம், நோட்டும் வேண்டாம். ஆனாலும் புதுசாக எது வாங்கினாலும் முதலில் மோசமான இடத்துக்குக் கொண்டுபோய் எது வரை தாங்கும் என்று பார்த்துவிட்டு, அதிலிருந்து இரண்டு படி இறங்கி நிற்கிறேன். ஈ.எம்.ஐ. விஷயத்திலும் அப்படித்தான்.

பாட்டா இப்போது இல்லை. அந்த ஃபைல் மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கிறது. முதல் தடவை எடுத்த 3.0-வையும் குறிச்சியான் அழிக்கவில்லை. பதினான்கு செகண்டு. படம் பிரமாதம். வெற்றிலையைத் துப்பிவிட்டு, பாட்டா பாடுவதற்காக வாயைத் திறக்கிறார். பின்னால் ஒவ்வொரு நுரைக்குமிழும் தனித்தனியாக எண்ணலாம் போல அவ்வளவு துல்லியம்!