கறவைக்கு ஓய்வுண்டு, காரிகைக்கு?

மாடு வளர்ப்போர் அறிந்த முறை ஒன்று உண்டு. ஈனுவதற்கு ஏறத்தாழ 60 நாள் இருக்கும்போது, சினை மாட்டைக் கறப்பதை நிறுத்திவிடுவர். மடி ஓய்வு பெறவேண்டும். வயிற்றுக் கன்று வளரவேண்டும். அடுத்த ஈற்றில் பால் பெருகவேண்டும். வாயில்லா உயிரிடம் காட்டப்படும் அறிவுடைமை இது! பாராட்டுகிறோம். ஆனால், அந்த மாட்டுக்குத் தவிடு கலக்கும் தாய், நிறைமாத வயிற்றோடு சாணக்கூடை சுமக்கிறாளே, அவளுக்கு எத்தனை நாள் ஓய்வு? கேட்டவர் யார்?

நாங்கள் கணவன் மனைவி. இருவரும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். கலைப் பட்டம் பெற்றோம் என்பதற்காகத் தொழுவம் எங்களை விட்டுவிடவில்லை. கறவை மாடு இரண்டு, கைக்குழந்தை ஒன்று. தமிழக அரசு 2021இல் மகப்பேறு விடுப்பை ஓராண்டாக உயர்த்தியது, பள்ளி விடுப்பளித்தது. தொழுவம் அளிக்குமா? பொழுது புலருமுன் ஒரு கறவை. மாலையில் ஒரு கறவை. மடி கனத்து மாடு கத்தும் அதே வேளையில், பசித்துக் குழந்தை அழும். மாட்டைக் காக்கவைத்தால் மடி வீங்கும். மகவைக் காக்கவைக்க மனம் ஒப்புமோ?

ஆகவே, வேலையைப் பங்கிட்டோம். பள்ளி செல்லுமுன் சாணம் அள்ளுவது, புல்லறுப்பது, தண்ணீர் காட்டுவது கணவன் பங்கு. கறப்பது மனைவி பங்கு. அப்போது தூளி ஆட்டுவது கணவன் பங்கு. தொழுவத்தில் புழங்கிய கை, சோப்பிட்டுக் கழுவாமல் குழந்தையைத் தொடுவதில்லை. சாணத்திலும் மண்ணிலும் வாழும் கிருமி, தொப்புள்கொடிப் புண் வழியே புகுந்து, இசிவு நோயாகிப் பச்சிளங் குழந்தைகளைக் கொன்று குவித்த காலம் உண்டு. அந்நோயை அடக்கிய நாடு என்னும் நிலையை இந்தியா 2015இல் எய்தியது. குழந்தைகளைக் காத்தது மந்திரித்த கயிறன்று, தடுப்பூசியும் தூய்மையும்!

ஆண்மகன் தூளி ஆட்டுவதைக் கண்டு ஊரார் சிலர் நகைத்தனர். சாணம் அள்ளியபோது சிறுமையுறாத கை, சேயை அணைக்கும்போது மட்டும் சிறுமையுறுமோ?

எங்களுக்காவது ஊதியத்தோடு விடுப்பு உண்டு. பால் ஊற்றிப் பிழைக்கும் எங்கள் தெருத் தாய்மார்க்கு? ஆலையிலும் அலுவலகத்திலும் உழைக்கும் பெண்களுக்கென 1961இல் மகப்பேறு நலச் சட்டம் பிறந்தது. 12 வார விடுப்பு 2017இல் 26 வாரமாயிற்று. வீட்டுத் தொழுவத்தில் உழைப்பவளோ எந்த முதலாளியின் ஏட்டிலும் இல்லை. ஆகவே விடுப்பும் இல்லை. கறப்பவள் அவள், பால் சங்கத்து ஏட்டில் பல வீடுகளில் நிற்பது கணவன் பெயர்!

அவளுக்கும் சட்டம் வேண்டும். அதற்காகக் குரல் கொடுப்போம். ஆனால், சட்டம் வரும்வரை சாணக்கூடை காத்திராது, தோழர்களே! நாளைக் காலையில் உங்கள் தொழுவத்தில் குனிந்து நிற்பவர் யார் என்று பாருங்கள். மாட்டுக்கு 60 நாள் தரும் வீடு, தாய்க்கும் தரட்டும். அவள் தலையிலிருந்து அக்கூடையை இறக்க அரசாணை வேண்டியதில்லை. உங்கள் இரு கைகள் போதும்!